மூஞ்சியில எங்கேம்மா வால்வு இருக்கு?

எப்பலேருந்தா? போன திங்கக்கெழமலேருந்தும்மா. நல்லா ஓடிட்டிருந்த வீடியோ மீட்டிங்குக்கு அப்டேட்டுன்னு ஒண்ணு போட்டாங்க பாருங்க, அன்னிலேருந்து. கம்ப்யூட்டர் செக்‌ஷன்லேருந்துதான வர்றீங்க? உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவத்துப் பக்கமா தள்ளிப் போட்டுக்குங்க.

முன்னாடி எப்படின்னா... ஊருக்குத் தண்ணி விட அஞ்சு பம்ப்ஹவுஸ், அஞ்சு ஆளு. பதினோரு மணிக்கு மீட்டிங். திரையில ஒரு பலகை வரும், அதுல குழாய் டிராயிங்கப் போடுவேன். அவங்க அஞ்சு பேரும் நானும் இருந்த எடத்துலேருந்தே அதுமேல கோடு போடுவோம். எனக்குச் செவப்பு. என் மச்சானுக்குப் பச்ச. ஆமா, வீட்டுக்காரியோட தம்பிதான், மூணாவது பம்ப்ஹவுஸ். வேல கெடச்சது அவன் தெறமையில, என்னைய அப்படிப் பாக்காதீங்க. எந்த வால்வ மூடணுமோ அதுமேல ஒரு வட்டம், முடிஞ்சுது. இப்ப பலகையே காணோம். அஞ்சு மூஞ்சிதான் தெரியுது. மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அதுல எங்கேம்மா வால்வு இருக்கு?

சரி, பேப்பர்ல வரைஞ்சு கேமராவுல காட்டுவோம்னு காட்டினேன். பாத்தா, என் திரையில எல்லாம் எடம்வலம் மாறித் தெரியுது. விடுவமா? பேப்பர ஜன்னல் கண்ணாடியில திருப்பி ஒட்டி, பின்பக்கமா ஒவ்வொரு கோடா எடுத்தேன். முக்கா மணி நேரம்! அப்புறம் அம்சமாத் தெரிஞ்சுது... எனக்கு. சிரிக்காதீங்க. அவங்களுக்கு மொதல்லயே நேராத்தான் தெரிஞ்சுதுன்னு யாரு சொன்னா? மச்சான் சொன்னான், இல்லேங்கல. "மாமா, எழுத்தெல்லாம் திரும்பியிருக்கு"ன்னான். "கண்ணத் தொடச்சிட்டுப் பாருடா"ன்னேன். தொடச்சிட்டு, கெழக்கால மூட வேண்டியத மேக்கால மூடிட்டான்.

நம்ம ஆபீஸுக்கே தண்ணி நின்னுபோச்சு. மேனேஜர் அப்பப் பாத்து கை கழுவிட்டிருக்காரு. முழங்கை வரைக்கும் சோப்பு. ஆபரேஷனுக்குப் போற டாக்டராட்டம் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு என் ரூம் வாசல்ல வந்து நின்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவல.

அது போகட்டும்... சனிக்கெழம பெரிய குழாய மாத்தணும். ஆஸ்பத்திரி லைன் அதுலேருந்துதான் பிரியுது. ஒம்பது வால்வு. ஒண்ணு மாறினாலும் அங்க குழாயத் தொறந்தா காத்துதான் வரும். இன்னிக்கு மீட்டிங்குல அஞ்சு பேரும் கோடு போட்டே ஆகணும். இந்த அப்டேட்டப் பண்ணவன் ஆயுசுல ஒரு வால்வத் தொட்டுப் பாத்திருப்பானா?

என்னது? பலகைய அவனா எடுக்கலையா? இங்கேருந்தே எழுதிக் கேட்டாங்களா? எந்தப் புண்ணியவான்? காட்டுங்க. இருங்க, கண்ணாடி... 'கூட்டத்தின் கண்ணியம் கருதி, மேற்படி வரையும் பலகையை அறவே நீக்கிவிடுமாறு...' பரவால்ல, நல்லாத்தான் எழுதியிருக்கான்.

...ம்.

கையெழுத்து நம்மளுதுதான்.

அது வந்தும்மா... போன மாசம் டிராயிங்குல ஒரு வட்டத் தொட்டி. மச்சான் அதுக்குப் பச்சையில மீச வெச்சு, மூக்குக்கண்ணாடி மாட்டி, உச்சியில மூணே மூணு முடி வரைஞ்சுட்டான். யார் ஜாடைன்னு யாரும் சொல்லல. ஆனா மேனேஜர் உட்பட அத்தன பேரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. அன்னிக்கே உக்காந்து எழுதிட்டேன். மூணு தடவ திருத்தி எழுதினேன். நடவடிக்கை எடுப்பாங்கன்னு யாரு கண்டா? இத்தன வருஷத்துல நான் போட்ட ஒரு லெட்டருக்குப் பதில் வந்ததில்லம்மா!

திரும்ப வருமா? எழுத்துல கேக்கணுமா? யாரு... நானேவா?

யாருப்பா அங்க, டிரைவரா? மேனேஜர் கூப்பிடறாரா? கையில சோப்பு இருக்கா பாத்தியா? இல்லேல்ல, வர்றேன்னு சொல்லு.

அந்தப் பேப்பரக் குடுங்கம்மா, பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு. 'பலகை வேண்டும்.' இந்தாங்க, கையெழுத்து. இந்தத் தடவ ரெண்டே வார்த்த. பதினோரு மணிக்குள்ள வந்துடுமில்ல?

மீசையா... வரைஞ்சுட்டுப் போறான். ஆஸ்பத்திரிக்குத் தண்ணி போகணும்.

சார், இதோ வந்துட்டேன்!