நசுங்கக் கூடாத கப்பு

போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். வளைவில் மூத்தவர் சாய்ந்ததும் இளையவள் பையை இழுத்துக்கொண்டாள்.

"மதினி, பையில சாயாதீங்க. உள்ள பேப்பர் கப்பு இருக்கு, நசுங்கிரும்."

"டீ குடிச்சிட்டுத் தூக்கிப் போடுற கப்பா?"

"மலையெல்லாம் அந்தக் கப்பாத்தான் கெடக்குன்னு நான் சில்வர் டம்ளரு கொண்டு போனேன். டீக்கடை அண்ணே புதுக் கப்புல அளந்து, என் டம்ளர்ல ஊத்திட்டு, கப்பத் தூக்கி எறிஞ்சிட்டாரு."

"நீ கேக்கலயா?"

"கேட்டேன். உன் டம்ளரு பெருசு, அளவு தெரியாதுல்லங்கிறாரு. அதான் அவரு எறிஞ்ச கப்பையே எடுத்துக் கழுவி, அளக்குறதுக்குத் தெனமும் கொண்டு போறேன்."

"அப்ப அதுலயே குடிச்சிர வேண்டியதுதான?"

"பேப்பர் கப்புல குடிக்கிறத விட்டுட்டேன் மதினி."