மூன்றாம் துண்டில் இருந்த பிழை

அவைத்தலைமை ஏற்றிருக்கும் குருதிக்கொடைச் சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய பாக்கிசியோ லொத்து அவர்களே! ஆண்டுதோறும் என்னை அழைத்து, ஆண்டுதோறும் ஐந்தே நிமிடத்தில் முடிக்கச் சொல்லும் ஊர்த்தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! முப்பது ஆண்டுகளாக இந்த ஊர் மருத்துவ நிலையத்தில் உங்கள் ரத்தத்தை ஊசியால் உறிஞ்சிய எஃபீசியோவின் வணக்கம். ஒரே ஒரு தாய்க்குரிய வணக்கத்தை மட்டும் கையில் மிச்சம் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் தருவேன்.

வாழ்த்திப் பேசச் சொல்லி அழைத்தார்கள். வாழ்த்த வரவில்லை நான், வழக்குரைக்க வந்திருக்கிறேன். கூண்டில் முதலில் நிற்பவன் நான். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நீங்கள்.

தலசீமியா என்ற ரத்தச்சோகையை இந்தச் சார்டீனியாவில் யாருக்கு விளக்க வேண்டும்? நம்மில் எத்தனையோ பேர் அதன் மரபணுப் பிழையைச் சுமக்கிறோம். சுமந்துகொண்டே மலை ஏறுகிறோம், ஆடு கறக்கிறோம், திருவிழாவில் விடிய விடிய ஆடுகிறோம். தாய் தந்தை இருவரும் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒருவர் மட்டும் சுமந்தால் பயமில்லை. இந்தக் கணக்கு நமக்கு அத்துப்படி. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலைத்தது அந்த அத்துப்படிதான்!

போனகாத்தாவை உங்களுக்குத் தெரியும். அவர் சுட்ட மெல்லிய ரொட்டியைத் தின்றுதானே வளர்ந்தோம்? அவர் பிழையைச் சுமப்பவர். கணவன் கொனாரியோ ஆடு மேய்ப்பவன், ரத்தம் சுத்தம். அவர்கள் மகள் நெவினா இரண்டு வயதில் வெளுத்தாள், வாடினாள், மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியவள் ஆனாள்.

இதே சதுக்கத்தில், அதோ அந்தக் காபிக் கடை முன்னால்தான் கொனாரியோ இரண்டு ரத்தப் பரிசோதனைக் காகிதங்களோடு என்னிடம் வந்தான்.

“அண்ணே, இவ மட்டுந்தான் சுமக்கிறா. நான் சுமக்கல. அப்புறம் எப்படிண்ணே பிள்ளைக்கு?”

கையில் காபிக் கோப்பை, வாயில் மேதாவித்தனம். நான் சொன்னேன்: “காகிதம் பொய் சொல்லாது தம்பி. மிச்சத்த நீயே யோசிச்சுக்கோ.”

என்ன, பின்னால் சிரிப்பு? சிரியுங்கள் ஐயா. அன்றைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சிரித்தீர்கள்.

பிள்ளை வேறு எவனுக்கோ பிறந்தது என்று அன்று மாலைக்குள் ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. கொனாரியோ மலைப்பட்டிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. போனகாத்தா தெருவில் வந்தால் எதிர்ப்பக்கம் மாறினீர்கள். நம் ஊரில் நாய்க்கும் காலை வணக்கம் சொல்வோம். அந்தத் தாய்க்கு மூன்று ஆண்டுகள் யாரும் சொல்லவில்லை. உங்கள் ரத்தம் அவர் மகளின் நரம்பில் ஓடியது. உங்கள் நாக்கு அவர் மானத்தின் மேல் ஓடியது. வெட்கமாக இல்லையா நமக்கு?

படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் என்னிடம் வந்தார். ஊரில் பாதிப்பேர் சுமக்கிறார்கள், யாரும் இப்படிப் புலம்பவில்லையே என்று விரட்டினேன். அவர் அழவில்லை. கதவருகே நின்று ஒன்று கேட்டார்.

“என்னை நம்ப வேணாம். என் ரத்தத்த நம்புறீங்கல்ல, அத முழுசாப் படிச்சீங்களா?”

படிக்கவில்லை! நான் படிக்கவில்லை! தலைநகர் காலியாரிக்குப் பேருந்து ஏறிப் போனார். அங்கே ஸெத்தா என்ற மருத்துவர் அம்மையார் படித்தார். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

ரத்தப் புரதத்தைக் கட்டச் சொல்லும் செய்தி ஓலையைச் செல் மூன்று துண்டாக எழுதி, இரண்டு இடத்தில் தைக்கிறது. தைத்த இடந்தோறும் முத்திரை. ஓலையை முதலில் படிக்கும் கருவி போகிற போக்கில் முத்திரைகளைத் தட்டிவிட்டுச் செல்லும். நடுவிலேயே ‘நிறுத்து’ என்று பிழையாக எழுதியிருந்தால் கருவி நின்றுவிடும். அதற்கப்பால் முத்திரை மிஞ்சி நிற்கும். செல்லுக்குள் இருக்கும் காவலுக்குத் தெரிந்துவிடும், இது கெட்ட ஓலை. கிழித்து அழித்துவிடும். நம்மில் பெரும்பாலோருக்குப் பிழை நடுத்துண்டில். கெட்ட ஓலை அழிகிறது, பெற்றோரில் இன்னொருவர் தந்த நல்ல ஓலை வேலை செய்கிறது. நாம் ஆட்டம் போடுவது அந்தக் காவலின் புண்ணியத்தில்!

போனகாத்தாவுக்கோ பிழை மூன்றாம் துண்டில். அதற்கப்பால் தையலே இல்லை, முத்திரையும் இல்லை. காவல் ஏமாந்தது. அரைகுறைப் புரதம் உருவாகி, குவிந்து, ரத்த அணு பிறக்கும் முன்பே அதைக் கொன்றது. இந்த வகைக்கு ஒருவர் சுமந்தாலே போதும்! அதன் வேகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்: தாய்க்குப் பாதி நோய், மகளுக்கு முழு நோய். தகப்பன் கொனாரியோவேதான், அதையும் சோதித்து எழுதிக் கொடுத்தார் ஸெத்தா.

மரபு நோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இப்படி ‘நிறுத்து’ என்ற பிழையால் வருகிறதாம். சில நோய்களில் காவல் காப்பாற்றுகிறது, சிலவற்றில் கோட்டை விடுகிறது, சிலவற்றில் பாதியாவது பயன்பட்டிருக்கும் ஓலையையும் கிழித்துத் தொலைக்கிறது. எந்தப் பிழை, எந்த இடத்தில் என்று பார்க்காமல் மருந்தும் இல்லை, தீர்ப்பும் இல்லை!

கண்ணில்லாத செல்லுக்கு வந்த செய்தியைச் சரிபார்க்கத் தெரிகிறது. கண்ணும் காதும் கல்வியும் உள்ள நாம் என்ன செய்தோம்? கெட்ட செய்தியைக் கிழித்தோமா? வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்!

ஸெத்தா எழுதியது கைக்கு வந்த மறுநாளே கொனாரியோ வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவு எப்போது திறந்தது என்பது அவர்கள் வீட்டு விஷயம், கேட்காதீர்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். போனகாத்தா மாவு பிசைந்த கையைத் துடைக்கக்கூட இல்லை.

“எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னே திருப்பிச் சொல்லுங்க. கேட்டவங்க எல்லாரும் கேக்கணும்.”

கேட்டீர்களா? கடை வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்டதா? நான் சொன்னது பொய். பாதி படித்துவிட்டுச் சொன்ன பொய்!

இதுவரை பொறுத்த உங்களுக்கு நன்றி. மிச்சம் வைத்த வணக்கம் ஒன்று உண்டு. நீரூற்றுப் பக்கம் நெவினாவின் கையைப் பிடித்தபடி நிற்கிறார் அவர். முதலில் நான் சொல்கிறேன். பிறகு நீங்கள், ஒவ்வொருவராக எழுந்து போய், முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

போனகாத்தா அம்மா, வணக்கம்.