பேரம் பேசாதவர்

டீயைக் குடித்துவிட்டே பேசலாம், இன்ஸ்பெக்டர் சார். ஆறின டீயின் மேல் படிகிற ஆடையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பு.

ஆதிகேசவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். சரக்கு ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போகும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிடும். நான் ஒரு விலை சொல்வேன், நீங்கள் பாதிக்குக் கேட்பீர்கள், நான் தலையில் அடித்துக்கொள்வேன், நீங்கள் எழுந்து போவதுபோல நாலடி வைப்பீர்கள். அதற்குள் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், எனக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் இருவருக்கும் தெரிந்துவிடும். அதுதான் மரியாதை.

மெட்ராஸ்காரர்கள் காற்று வாங்கவும் காசு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அறுபத்தாறில் எங்கள் ஊர் உப்பேரிக்கு அந்தப் பக்கம் மணல்தீவில் ஒரு குடில் போட்டேன். சவுக்கு நிழல், பிரம்பு நாற்காலி, எதிரே கடல். அங்கே வேறு குடியிருப்பு கிடையாது. நல்ல தண்ணீரும் கிடையாது. தினமும் என் படகோட்டி துலுக்காணம்தான் குடங்களில் கொண்டுபோய் வைப்பான்.

இந்தச் சித்திரைக் கடைசியில் வரதனும் அவர் சம்சாரம் சந்திரகலாவும் ஒரு வாரம் ஓய்வெடுக்கக் கும்மிடிப்பூண்டியில் ரயிலிறங்கி வந்தார்கள். வாடகையை வாய்கூசாமல் மூன்று மடங்காகச் சொன்னேன், நல்லதாக ஒரு பேரம் நடக்கட்டும் என்றுதான். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "சரி" என்று நோட்டை நீட்டினார். பிச்சைக்காரனுக்குத்தான் சார் அப்படிக் கொடுப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கடலில் குளித்து வந்த அந்த அம்மா, குடிக்க வைத்த குடத்தைக் கவிழ்த்துக் கால் விரலிடுக்கு மணலைக் கழுவிக்கொண்டிருந்தாள். வரதன் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, பாதி தின்ற இறாலை ஈ மொய்க்க விட்டுவிட்டு, டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

"இன்னும் ரெண்டு குடம் அனுப்புங்க. எவ்வளவுன்னாலும் சரி" என்றார், கண்ணைத் திறக்காமலே.

மறுநாளிலிருந்து படகு போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்து பேசட்டும்.

கரையிலிருந்து பார்த்தால் தீவு தெரியும். இருவரும் நின்று துண்டை ஆட்டினார்கள்.

"நைனா, கூப்ட்டுக்கினு கீறாங்க. தண்ணி கொண்டு போவட்டா?" என்றான் துலுக்காணம்.

"இருடா. இன்னும் எறங்கி வரட்டும்."

"வெயிலு இன்னா காயுது பாரு. பாவம் நைனா."

"பாவம் பாத்து யாவாரம் பண்ணா, நாளைக்கு நீயும் நானும் அங்கதான் போய்க் குந்தணும்."

கங்கையம்மன் ஜாத்திரை நடந்ததால் ஏரியில் வேறு படகு இறங்கவில்லை. இருவரும் ஆட்டியதற்கு அடுத்த நாள் வரதன் மட்டும் துண்டை ஆட்டினார். நல்லதுதான் என்று நினைத்தேன். ஆள் குறைந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். துலுக்காணம் என்னைக் கேட்காமலே படகைத் தள்ளப் பார்த்தான். கோலையும் துடுப்பையும் கிடங்கில் போட்டுப் பூட்டினேன்.

சாயங்காலம் அவர் ஏரியில் இறங்கி நடந்து வந்தார். முக்கால் தூரம் இடுப்பளவுதான், அப்புறம் ஆழமான ஓடை. நீச்சல் தெரியாதுபோல, விளிம்பிலேயே நின்றுவிட்டார். உப்புத் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும், நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தார். பிறகு முதல் தடவையாக, கரையில் உட்கார்ந்திருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க என்ன கேட்டாலும் கொடுக்கறேன்" என்றார்.

என்ன கேட்டாலும். அப்போதும் பேரம் பேசவில்லை, சார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் துண்டு தெரியவில்லை. பேச்சை முறித்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஜாத்திரை முடிந்து படகு போனபோது அங்கே எது எந்த நிலையில் கிடந்தது என்று உங்கள் ஆட்களே எழுதியிருப்பார்கள். தாகத்தில்தான் செத்தார்கள். தண்ணீரை நிறுத்தியது நான், கோலைப் பூட்டியதும் நான். துலுக்காணத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. "பாதிதான் தருவேன்" என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே குடத்தோடு போயிருப்பேன்.