மாப்பிள்ளை வரைந்த முட்டைக்கோஸ்

எனக்குத் தீக்குச்சி கிழிக்கவே பயம். வீட்டில் அடுப்பைக்கூட மனைவிதான் பற்றவைப்பாள். ஆகவே, நான் நெருப்பு வைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வது சரியல்ல, இன்ஸ்பெக்டர் சார்.

நான் ஓவிய விமர்சகன். என் தங்கையின் கணவர் ஓவியர். பன்னிரண்டு வருடங்களாக அவர் நெருப்பை மட்டுமே வரைந்தார். நான் அதற்கு அர்த்தம் எழுதினேன். நெருப்பு அழிப்பதில்லை, புனிதப்படுத்துகிறது. சாம்பலிலிருந்துதான் கலை புதிதாகப் பிறக்கிறது என்று. படித்தவர்கள் தலையாட்டினார்கள். அவரைக் கேட்டால், "செவப்பு டியூப் நெறைய மிச்சம் இருந்துச்சுங்க" என்பார். மேடையில் அவரைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாகிவிட்டது.

என்னுடைய அறுநூறு பக்க நூல் அச்சுக்குப் போன வாரம், அவருடைய ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டாண்டில் இருந்த கேன்வாஸில் ஒரு முட்டைக்கோஸ்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"முட்டைக்கோஸ், மச்சான். நல்லா வந்திருக்குல்ல?"

"நெருப்பு எங்க?"

"அலுத்துப்போச்சு. உங்க புத்தக விழாவுல இதத்தான் வைக்கப்போறேன். நெருப்பெல்லாம் சும்மா வயித்துப்பாட்டுக்குப் போட்டதுன்னு மைக்ல சொல்லிடவும் போறேன்."

"அப்ப என் புத்தகம்?"

"முட்டைக்கோஸப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன். உங்களுக்கா வராது?"

வரும். ஆனால் எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த தூரிகையைத் துடைத்த துணிகளை ஓவியர்கள் குவித்து வைக்கமாட்டார்கள். குவித்தால் உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். அவர் எப்போதும் கொடியில் விரித்துக் காயப்போடுவார். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, உள்ளே கட்டிலில் தூங்கப் போனார். பகலில் படுத்தால் விளக்கு வைக்கும்வரை எழாத மனிதர். நான் ஈரத் துணிகளை எடுத்துச் சுருட்டி, அட்டைப்பெட்டியில் அமுக்கி, டர்பன்டைன் டப்பாக்களின் பக்கத்தில் வைத்தேன். இடத்தை ஒதுங்கவைப்பது குற்றமென்றால் முதலில் என் மனைவியைத்தான் கைது செய்யவேண்டும்.

பிறகு எதிர்க்கடையில் நான்கு காபி குடித்தேன். நான்காவது ஆறிப்போனது.

"அழாதேம்மா, இனிமேல்தான் அவர் பெரிய ஓவியர்" என்று, எரிந்துபோன ஸ்டூடியோவின் வாசலில் தங்கையிடம் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் ரசனையே இல்லை.

வெளித் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், கிளம்பும்போது நான்தான் போட்டேன். அவர் உள்ளேயிருந்து தட்டியதும், "மச்சான்" என்று கூப்பிட்டதும் காபிக்கடை பெஞ்சில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஒரு கலைஞன் மறுபிறவி எடுக்கும்போது விமர்சகன் குறுக்கிடக்கூடாது.