புதன்கிழமை மட்டும் தோற்பது ஏன்?

தலைமையேற்றுத் தனிப்பெருமையோடு வீற்றிருக்கும் அக்கா அவர்களே! எங்கள் வீடியோ ஆட்ட அறைக்குக் கீழே சலவைக்கடை நடத்திக்கொண்டு, எங்கள் கூச்சலையும் கும்மாளத்தையும் குறைசொல்லாமல் பொறுத்துக்கொண்ட குணக்குன்றே! அருகில் அமர்ந்து அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கும் மண்டப மேலாளர் அவர்களே! பொத்தானைத் தட்டியே பொழுதைப் போக்குகிறார்களே என்று பொருமிக்கொண்டே, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்த தாய்மார்களே! தலையில் அடித்துக்கொண்டே அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட தந்தைமார்களே! வெளியூர்களிலிருந்து வந்து எங்களை வெளுத்து வாங்கிய வீரர்களே! வெளுப்பதற்கென்றே அக்கா ஒரு கடை வைத்திருக்க, நீங்கள் ஏனய்யா அந்த வேலையை எடுத்துக்கொண்டீர்கள்? அனைவருக்கும் இந்தக் கண்ணாடிக்கடைக்காரனின் கனிந்த வணக்கம்!

கோப்பையில் பெயர் பொறிக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் வரும்வரை பேசு என்று ஒலிவாங்கியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் வருந்துவார்கள்.

என்ன தம்பி, சுருக்கமாகவா? சுருக்கமாகத்தான். உட்காருங்கள்.

முதலில் தாய்மார்களுக்கு ஒரு விளக்கம். திரையில் இரண்டு உருவங்கள் சண்டை போடுகின்றனவே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அடி இருக்கிறது, தடுப்பு இருக்கிறது, பிடி இருக்கிறது. அடிக்க வந்தால் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நிற்பவரைப் பிடித்துத் தூக்கி எறியலாம். பிடிக்கக் கை நீட்டுபவரை அடித்து வீழ்த்தலாம். அடுத்தவர் எதைச் செய்யப்போகிறார் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

இந்த ஆட்டத்தை ஆடத் தொடங்கிய புதிதில் வாரத்துக்கு வாரம் வளர்வோம். நேற்று வராத அடி இன்று வரும். பிறகு ஒருநாள் வளர்ச்சி நின்றுவிடும். பயிற்சி செய்வோம், அப்படியே நிற்கும். கண் எரியப் பயிற்சி செய்வோம், அப்போதும் அப்படியே நிற்கும். ஏன் நின்றது? எங்கே நின்றது? யாரிடம் போய்க் கேட்பது? இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேர் இந்தக் கேள்வியோடு படுத்திருக்கிறீர்கள்? ஆகா, கைகளைப் பாருங்கள்! இறக்குங்கள், இறக்குங்கள். நானும் தூக்கவேண்டியவன்தான், என் கையில் ஒலிவாங்கி இருக்கிறது.

எங்கள் அறையில் இந்தச் சிக்கலில் சிக்கியவள், சற்றுமுன் இறுதிப்போட்டியில் நீங்கள் பார்த்த எங்கள் தங்கை. பேருந்து ஓட்டுநர். ஜெயித்தால் அவள் போடும் சத்தத்தில் தெரு திரும்பிப் பார்க்கும் என்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஹாரன். மேடை மரியாதைக்கு ‘அவர்’ என்றுதான் நான் சொல்லவேண்டும். சொன்னால் முதலில் சிரிப்பவள் அவளாகத்தான் இருப்பாள், ஆகவே ‘அவள்’ என்றே சொல்கிறேன்.

எங்கள் அறையில் அவளை வெல்ல ஆளில்லை. ஞாயிறுதோறும் வருவாள், வெல்வாள், ஹாரன் அடிப்பாள், போவாள். ஆனால் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவாள். இந்த முறை நம் ஊரிலேயே போட்டி என்றதும் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவையும் முதல் சுத்துலயே வெளிய வந்தா, இத்தோட விட்டுடறேன். எனக்கு ஆசை மட்டும்தான் இருக்கு போல, ஆட்டம் இல்ல.” அவர் என்னிடம் வந்து, “மச்சான், இவ சும்மா சொல்லல. ஏதாவது பண்ணுங்க” என்றார்.

என்ன பண்ணுவது? யோசித்தபோதுதான் எனக்கு ஒரு விசித்திரம் உறைத்தது. எங்கள் அறையிலும் அவள் தோற்பதுண்டு, அன்பர்களே. நாங்கள் கூடுவது ஞாயிறும் புதனும்தான். புதன்கிழமை மாலைகளில் மட்டும் தோற்பாள்! அதே நாற்காலி, அதே திரை, அதே ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை சிங்கம், புதன்கிழமை சுண்டெலி. ஏன்?

அவளிடமே கேட்டேன். “எனக்கு புதன்கிழமை ஆகாதுண்ணே” என்றாள். கணவரைக் கேட்டேன். “டியூட்டி முடிஞ்சு களைச்சுப்போய் வர்றா” என்றார். எங்கள் கூட்டத்தில் ஒரு கணக்காளர் உண்டு. அவர், கீழே சலவை இயந்திரம் ஓடுவதால் தரை அதிர்கிறது என்று சொல்லி அவள் நாற்காலிக்குக் கீழே ரப்பர் வாங்கி வைத்தார். நாற்காலி அதிரவில்லை. அவள் தோற்றுக்கொண்டுதான் இருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? கண்ணாடிக்கடைக்காரனுக்குக் கண்ணைத் தவிர வேறென்ன தோன்றும்? மாலையில் பார்வை மங்குகிறது என்று முடிவுகட்டி, கடைக்கு அழைத்துப்போய் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தேன். கடைசி வரியையும் படித்தாள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்துவிட்டு, “இதெல்லாம் எதுக்குண்ணே?” என்று கேட்டாள். ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சிரிக்காதீர்கள் ஐயா, அந்தப் பலகையை நீங்களும் வந்து படிக்கத்தானே போகிறீர்கள்!

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டத்துக்கு ஆளுக்கொரு பொத்தான் பெட்டி வைத்திருப்போம்; என்னுடையதில் பொத்தான்கள் தேய்ந்துபோய்ப் புதிதாக மாற்றியிருந்தேன். வாங்கப் போன கடையில் கிடைத்தவை சத்தமே வராத மெத்தென்ற வகை. அதை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வென்றேன். மறுபடி வென்றேன். ஞாயிற்றுக்கிழமையில் அவளை என் ஆயுளில் அப்படி வென்றதில்லை. அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்: “என்னண்ணே, பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்கு!”

என் கை நின்றுவிட்டது. ஆள் இருக்கிறேன், அம்மா, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இல்லாமல் போனது எது? பழைய பொத்தானை எடுத்து மாட்டினேன். அவள் வென்றாள். புதியதை மாட்டினேன். நான் வென்றேன். அப்போதுதான் அவள் தலையைக் கவனித்தேன். தொலைபேசியில் பேசுபவர்களைப் போல் என் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். கண் திரையில் இருந்தது. காது என் விரலில் இருந்தது!

பிடிப்பதற்கு இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தவேண்டும். அந்தச் சத்தம் வேறு. அடிக்கும் சத்தம் வேறு. திரையில் அசைவு தெரிவதற்குள் அவள் காதுக்குச் சேதி போய்விடும். ஓட்டுநர் அல்லவா? வண்டியின் முனகலைக் கேட்டே பிழைப்பவள் அல்லவா? தனக்கே தெரியாமல் காதால் ஆடியிருக்கிறாள்! ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடைக்கு விடுமுறை, அறை அமைதி. புதன்கிழமை இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். வெளியூர் மண்டபங்களிலோ, கேட்கவே வேண்டாம்!

சொல்லாமல் இருந்திருக்கலாம். சத்தமில்லாத பொத்தானோடு சத்தமில்லாமல் நானே அறையை ஆண்டிருக்கலாம். ஆனால் இப்படியொரு அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியுமா? சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் இத்தன நாள் ஆடினது?” என்று கேட்டாள். எனக்கு ஒரு ஆளின் வெற்றியை எல்லாம் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டோமே என்று இருந்தது.

மறுவாரம் அவள் காதை முழுக்க மூடும் ஹெட்போனோடு வந்தாள். என்னிடம் தோற்றாள். எல்லோரிடமும் தோற்றாள். புதன்கிழமையில்கூட அவளிடம் ஒரு சுற்றும் வென்றறியாத கணக்காளர் வென்றுவிட்டு, படிக்கட்டில் நின்று மனைவிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். சிரிக்காதீர்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார். ஏறிய படிகள் எல்லாம் இறங்கி அடிமட்டத்தில் உட்கார்ந்திருந்தாள் எங்கள் ஹாரன். போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஹெட்போனை அவள் கழற்றவில்லை.

அதற்குப் பதில் அவள் என்ன செய்தாள்? கேட்கத் தொடங்கினாள்! தோற்ற கையோடு ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, வென்றவரிடமே கேட்பாள். கணக்காளரைக் கேட்டாள்: “சார், இப்ப ஏன் குதிச்சீங்க?” அவர் திகைத்துவிட்டார். “குதிச்சேனா? தெரியலையேம்மா. பயம் வந்தா குதிப்பேன் போல.” எப்போது பயம் வரும்? திரையில் அவர் உருவம் சுவரோரம் தள்ளப்பட்டால் வரும். அடுத்த சுற்றில் சுவரோரம் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள். குதித்தார். விழுந்தார்! அன்றுதான் முதன்முதலாக அவள் கண்ணால் ஒரு மனிதரைப் படித்தாள்.

என்னையும் கேட்டாள். “அண்ணே, ஜெயிக்கப்போற நேரத்துல நீங்க ஏன் அப்படியே நின்னுடறீங்க?” எனக்குச் சுருக்கென்றது. அப்படியா செய்கிறேன்? வீட்டுக்குப் போனேன், யோசித்தேன். ஜெயித்துப் பழக்கமில்லாத எனக்கு, ஜெயிக்கும் நேரத்தில் அது நம்முடையதுதானா என்று சந்தேகம் வருகிறது. ஆண்டுக்கணக்காக நான் தேங்கி நின்ற இடம் அது. எந்தப் பயிற்சியும் அதை எனக்குக் காட்டவில்லை, அவள் கேள்வி காட்டியது. கேட்டது அவள், வளர்ந்தது நாங்கள் எல்லோரும்!

இன்று பார்த்தீர்கள். கைதட்டலும் விசிலும் கலந்த இந்த மண்டபத்தில் முதல் சுற்றைக் கடந்தாள். அரையிறுதியைக் கடந்தாள். இறுதியில், வெளியூரிலிருந்து வந்த மருந்துக்கடைக்காரரோடு கடைசிச் சுற்று வரை மோதினாள். திரையில் இருவருக்கும் மீதமிருந்த உயிர் நூலிழைதான். அவள் தடுத்துக்கொண்டு நின்றாள், அவர் பிடித்து எறிந்தார், முடிந்தது. நீங்களெல்லாம் ‘ஐயோ’ என்றீர்கள். நானும் சொன்னேன்.

ஓடினேன். ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர், வாய் நிறையச் சிரிப்பு. “அண்ணே, அவர் பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வெச்சு நின்னு பார்ப்பார்ணே! கடைசியிலயும் நின்னார், நான் பார்த்தேன். அடிச்சிருக்கணும். கோப்பைய நினைச்சுட்டேன், கை வரல. எனக்கு ஏன் தோத்தேன்னு தெரியும்ணே! இத்தன வருஷம் ஜெயிச்சப்ப ஏன் ஜெயிச்சேன்னு தெரியாது. இப்ப தோத்தேன், ஏன்னு தெரியும்!”

தேங்கி நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! இன்னும் நூறு முறை தட்டு என்று சொல்ல நான் வரவில்லை. எதைப் பார்த்துத் தட்டுகிறாய்? எதைக் கேட்டுத் தட்டுகிறாய்? எந்தப் பயத்தில் தட்டுகிறாய்? உன் தோல்வியைத் துருவிக் கேள், அது எல்லோரும் செய்வதுதான். துணிவிருந்தால் உன் வெற்றியையும் துருவிக் கேள்! விடை கிடைத்தால் சில காலம் கீழே கிடப்பாய். கிட! எங்கள் தங்கை கிடந்தாள், எழுந்தாள்!

அதோ, கோப்பை வந்துவிட்டது. மேலாளரின் முகமும் மலர்ந்துவிட்டது. பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கேட்காததுபோல் இருந்து கேட்ட தாய்மார்களுக்கும், தலைமை தாங்கிய அக்காவுக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி. பரிசு பெறவேண்டிய இருவரின் நாற்காலிகளும் காலியாக இருக்கின்றனவே என்று தேடாதீர்கள். மேடைத் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். பிடிக்கும் முன் ஏன் நின்று பார்க்கிறீர்கள் என்று மருந்துக்கடைக்காரரை அவள் கேட்டுவிட்டாளாம். அவருக்குத் தெரியவில்லையாம். அதைக் கண்டுபிடிக்க இருவரும் மறுபடி ஆட உட்கார்ந்துவிட்டார்கள். யாராவது போய் அழைத்து வாருங்கள், சுற்று முடிந்தபிறகு! வணக்கம்.