மூன்று வினாடி மூச்சு

நான் வண்டி ஓட்டும்போது ஹார்ன் அடிப்பதில்லை. அடித்தால் முன்னால் போகிறவர் பதறுவார். பதறினால் எந்தப் பக்கம் திருப்புவார் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் ஏழு வருடம் சாலைப் பாதுகாப்பை ஆராய்ந்தவன் என்பதால் இது பழகிவிட்டது.

நீங்கள் கேட்பது அந்த நாற்சந்தியைப் பற்றி. அங்கே சிக்னல் மாறும்போது மூன்று வினாடி நாலு பக்கமும் சிவப்பு எரியும், கடைசியாக நுழைந்த வண்டி கடந்துபோவதற்காக. எங்கள் ஆய்வகத்தில் அதை 'மூச்சு' என்போம். அந்தச் சந்திப்புக்கு மூன்று வினாடி மூச்சு போதாது, நான்கு வேண்டும், மேற்குப் பக்கத் தாரும் தேய்ந்துபோய்விட்டது, பிரேக் போட்டால் வண்டி வழுக்கும் என்று சாலைத் துறைக்கு இரண்டு வருடமாக எழுதினோம். தார்ப்பரப்பைச் சோதிக்கும் என் நண்பனுக்கு ஆய்வகத்தில் 'குழி' என்று பட்டப்பெயர்.

"இந்த ரோட்டுல முகம் பார்த்து சவரமே பண்ணிக்கலாம்டா" என்பான்.

எழுதிய எதற்கும் பதில் வரவில்லை. அந்த மேற்குப் பக்கத்திலிருந்துதான் வேன் வழுக்கிக்கொண்டு வந்து என் மனைவியின் ஸ்கூட்டரை இடித்தது. முப்பத்திரண்டாம் நாள் இறந்தாள்.

மூன்று வருடத்தில் ஐந்து பேர் இறந்தால்தான் ஓர் இடத்தைக் 'கரும்புள்ளி' என்று அறிவிப்பார்கள். அறிவித்தால்தான் தார், புதிய சிக்னல் எல்லாம். அவளுக்கு முன்பே அங்கே நான்கு பேர் இறந்திருந்தார்கள். நான் சாலைத் துறைப் பொறியாளரிடம் போனேன்.

"தம்பி, எனக்கு மட்டும் வருத்தமில்லையா? முப்பது நாளுக்குள்ள போனாத்தான் விபத்துச் சாவு. உங்க வீட்ல ரெண்டு நாள் தாண்டிட்டாங்க. 'பலத்த காயம்'னுதான் எழுதியிருக்கு."

"அவ செத்துட்டா சார்."

"ஃபைல்ல காயம்தான். இன்னும் ஒண்ணு குறையுது தம்பி, நான் என்ன பண்ண?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதியை அவர் எழுதவில்லை. ஆறு முறை போனேன், ஆறு முறையும் நாற்காலி போட்டு உட்கார வைத்து அதையே சொன்னார்.

ஆய்வுக்காக அந்தச் சிக்னலை எங்கள் அறையிலிருந்தே மாற்ற முடியும். மூச்சை நானே நான்காக்கியிருக்கலாமே என்பீர்கள். ஆக்கினேன். வண்டிகள் தேங்குகின்றன என்று மறுநாளே பழையபடி மாற்றச் சொன்னார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் ஆறுவதற்குள், மூன்றை ஒன்றாக்கினேன். யாரும் கேட்கவில்லை. சந்திப்பில் நெரிசல் குறைந்திருக்கிறது என்று பாராட்டி மின்னஞ்சல் வந்தது.

நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபதாம் நாள் ஒரு தையல்காரர், சைக்கிளில், பின்னால் துணிமூட்டையோடு. அன்றே மூச்சை மூன்றாக்கிவிட்டேன். தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றியதெல்லாம் கணினிப் பதிவில் இருக்கிறது, நான் அழிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் குழி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் தையல்காரர் சாகவில்லை.

தினமும் மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். ஆய்வுக்காக வருகிறேன் என்றதை அக்கா காதில் வாங்கவே இல்லை.

"கூடப்பொறந்தவனே ரெண்டு தடவைதான் எட்டிப் பார்த்தான். நீ யாரு பெத்த புள்ளையோ தம்பி."

பதினைந்து நாள், இருபது, இருபத்தைந்து. அதே வார்டு, அதே திரைச்சீலை, சுவரில் அதே கடிகாரம். இப்படித்தான் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போய் அவரும் 'பலத்த காயம்' ஆகிவிட்டால் இத்தனையும் யாருக்கு?

சிக்னலைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். இதை நானாகச் சொல்கிறேன். முப்பதாம் நாள் மதியம் அக்கா மாத்திரை வாங்கக் கீழே போனார். போகும்போது, "காலையில என் விரலைப் பிடிச்சாரு தம்பி, கெட்டியா பிடிச்சாரு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் படி இறங்கியதும் பிராணவாயுக் குழாயை என் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டேன். அதிக நேரம் ஆகவில்லை.

இப்போது அங்கே புதுத் தார். நான்கு வினாடி மூச்சு. வீட்டுக்குப் போகும்போது அந்த வழியாகப் போய்ப் பாருங்கள்.

விரலைப் பிடிப்பதில் அர்த்தமில்லை. என் மனைவியும் இருபத்தொன்பதாம் நாள் என் விரலைப் பிடித்தாள். அன்றுதான், இனிப் பயனில்லை, சுவாசக் கருவியை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் தாளை நீட்டினார். பிடித்தாளே என்று மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தேன். இதில் நான் செய்த தவறு அது ஒன்றுதான். அன்றே போட்டிருந்தால் ஐந்தாவது ஆள் அவளாக இருந்திருப்பாள். தையல்காரர் இந்நேரம் கடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார்.