மிளகாய்க் கிடங்கின் மேல்மாடி

எனக்குத் தூசி ஆகாது, சார். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொன்னால் நல்லது. துறைமுகத்துக்குப் போகிற லாரியெல்லாம் இந்த ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் போகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா. அப்பா ராயபுரத்தில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. கிடங்கில் விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன வரும்?

என் வகுப்புக்கு வந்த ஆன்றோ கொடுத்த புகாரில் பணத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். வாங்கினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புகாரில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி.

அப்பா போன பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கின் மேல்மாடி சும்மாதான் கிடந்தது. அங்கே உள்ளொளிப் பயிற்சி என்று ஆரம்பித்தேன். மனத்தடையைக் கரைத்தால் வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் தேடி வரும் என்று பேசுவேன். எனக்குப் பேச வரும். முதல் வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, கீழே எங்கள் கிடங்கு ஆள் வேலப்பன் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். படிக்கட்டு வழியாக நெடி மேலே ஏறியது. எல்லோர் கண்ணிலும் நீர். ஆன்றோ விசைப்படகு மெக்கானிக், முரட்டு ஆள். அவரே தேம்பித் தேம்பி அழுதார்.

"எங்கம்மா செத்தப்போகூட நான் அழுவல சார்" என்றார். "இன்னிக்கு இன்னாவோ உள்ள இருந்ததெல்லாம் எறங்கிச்சு."

தடை கரைகிறது என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு வேலப்பனிடம் சொல்லிவைத்தேன். மேலே மணி அடித்தால் கீழே மூட்டையைக் கொட்ட வேண்டும். நான் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுவேன். அழுதவர்கள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள். அதில் பொய் கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மணி அடிப்பதற்கு முன்னால் நான் படிக்கட்டு மூலையில் நின்று இன்ஹேலரை இழுத்துக்கொண்டு, சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

ரமாபாய் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்தார். திருவொற்றியூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. மகள் யசோதராவை நர்சிங் படிக்கவைக்கப் பணம் சேர்த்துவைத்திருந்தார். எதை இறுகப் பிடித்திருக்கிறோமோ அதை விடுவித்தால்தான் அது பெருகித் திரும்பும் என்பது என் பாடம். அவர் விடுவித்தார். நான் பெற்றுக்கொண்டேன்.

மகள் யசோதரா என்னிடம் சண்டை போடத்தான் வந்தாள். வந்தபோது நான் படிக்கட்டு மூலையில் நின்றிருந்தேன். கையில் இன்ஹேலர்.

"உங்களுக்கும் வீசிங்கா சார்? எனுக்கும்தான்" என்றாள். கோபம் பாதி இறங்கிவிட்டது. எந்த டாக்டர், எந்த மாத்திரை என்றெல்லாம் விசாரித்தாள். உண்மையான அக்கறை. நர்சிங்குக்கு ஏற்ற பெண்தான்.

பிறகு அம்மாவைத் தேடி மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் நெடி ஏறியது. அவள் எழுந்து நின்றாள்.

"யம்மா, இது தடையும் இல்ல, ஒண்ணியும் இல்ல. கீய மொளகா கொட்றாங்கோ. எல்லாம் டுபாக்கூரு."

ரமாபாய் கூனிக் குறுகிப்போனார். "சார் முன்னாடி இன்னா பேச்சு பேசற? குந்துடீ."

பெரிய தடை உள்ளவர்கள்தான் காரணம் தேடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் ஒருத்தி சொல்லிவிட்டாள் அல்லவா? அடுத்த வாரம் இரண்டு பேர் சொல்வார்கள். பணம் திரும்ப வேண்டுமானால் அவள் ஒரே ஒரு தடவை முன்வரிசையில் உட்காரட்டும் என்று ரமாபாயிடம் சொன்னேன். அதற்காகத்தான் வந்தாள். பையும் செல்போனும் கீழே வைத்துவிட்டு வருவது எங்கள் வகுப்பு வழக்கம். அவளும் வைத்துவிட்டு வந்தாள். இன்ஹேலர் அந்தப் பையில் இருந்தது.

அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டச் சொல்லியிருந்தேன். அவள் அழ வேண்டும், அதை எல்லோரும் பார்க்க வேண்டும். வேறு எண்ணம் எனக்கு இல்லை. முதலில் இருமினாள். பிறகு இழுப்பு வந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும் சார். என் நெஞ்சுக்குள்ளேயே எத்தனையோ தடவை கேட்டது.

வேலப்பன் கீழிருந்து குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, மேல ஒரு புள்ள ரொம்ப இருமுதே. போதுமா?"

நான் படிக்கட்டருகே போய், இன்னும் ஒரு மூட்டை என்று விரலைக் காட்டினேன்.

திரும்பி வந்தபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்துக் கை நீட்டினாள். ரமாபாய் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எம் பொண்ணு சார்கிட்ட கை நீட்றா பாருங்கோ" என்று அழுதார். "ஆசீர்வாதம் பண்ணுங்க சார்."

எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அதை எப்படி எடுப்பது? தடையைக் கரைக்கிறவன் பையில் இன்ஹேலர் இருந்தால் வகுப்பு அன்றோடு முடிந்தது. அவள் விரல்கள் சட்டைப்பையின் விளிம்பைப் பிடித்துவிட்டன. ஒவ்வொன்றாக விலக்கினேன். வலிக்காமல்தான் விலக்கினேன். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

ரமாபாய் என்மேல் புகார் கொடுக்கவில்லை. தடையெல்லாம் கரைந்துதான் போய்ச் சேர்ந்தாள் என்று என் காலில் விழுந்தார். அடுத்த வகுப்புக்கும் வந்தார். மகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார்.

மிளகாயை எல்லாம் விற்றுவிட்டேன். ஃபேன் எப்போதும் ஓடுகிறது. ஆனாலும் கண்ணை மூடச் சொன்னால் முன்வரிசையிலிருந்து அந்த இழுப்பு கேட்கிறது. இன்ஹேலரை எடுக்கப் போனால் யாரோ சட்டைப்பையைப் பிடித்து இழுக்கிறார்கள். பயமாக இருக்கிறது சார். என் சட்டைகளில் பையின் தையல் விட்டுப்போகிறது. துவைக்கும்போது கிழிகிறதோ என்னவோ.

நான் கொடுமைக்காரன் இல்லை. சந்தர்ப்பம் அப்படி அமைந்துவிட்டது. மற்றபடி மனிதன் மனிதனுக்கு உதவுவான் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. இப்போதே பாருங்கள், என் இன்ஹேலரை வாங்கி உங்கள் மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருக்கிறீர்கள். நான் அவசரப்படவில்லை. மூச்சு முட்டினால் உங்களிடம் கை நீட்டுவேன். நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள்.